"டாக்டர்ட்ட கேளுங்க"ன்னு சிஸ்டர் ஏன் சொல்றாங்க

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல. அம்மாவுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோய். மன்னார்குடி பக்கத்துலேர்ந்து தஞ்சாவூர் கூட்டிட்டு வந்து கரண்ட் வைக்கிறீங்க, அதான் கதிர்வீச்சு சிகிச்சை, வாரத்துல ஒருநாள் மருந்தும் ஏத்துறாங்க, மூணு வாரம் ஆச்சு. எந்த சிஸ்டர்ட்ட எதைக் கேட்டாலும் "டாக்டர்ட்ட கேளுங்க"ன்னுட்டு மூஞ்சியக்கூட பாக்காம போறாங்க. ஒரே ஒருத்தங்க ராத்திரியில அம்மா பக்கத்துல உக்காந்து நல்லா பேசினாங்க, அப்புறம் அவங்களையே காணோம். நர்ஸுங்களுக்கு மனசே மரத்துப் போச்சா, இல்ல எங்கமேலதான் ஏதாவது தப்பான்னு கேட்டிருக்கீங்க.

நான் 31 வருஷம் நர்ஸ் வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. அதுல பாதிக்கு மேல கேன்சர் வார்டும் கீமோ ரூமும்தான், கவர்மெண்டும் பாத்தேன் பிரைவேட்டும் பாத்தேன், எல்லாம் திருச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவுலயே. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க.

உங்க மேல தப்பு இல்ல. மனசு மரத்துப்போன நர்ஸ் இல்லவே இல்லன்னும் சொல்ல மாட்டேன், இருக்காங்க, நானே சில வருஷம் அப்படி இருந்தேன். ஆனா ஒரே நர்ஸ் ஒரு வார்டுல வாயே திறக்காம இருப்பா, அவளையே வேற வார்டுக்கு மாத்துனா பேஷண்டோட பேரன் பேரு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருப்பா. இத நான் கண்ணால பாத்திருக்கேன், ஒருதடவை இல்ல. மேட்டூர்ல ஜூன் 12ம் தேதி தண்ணி தொறந்தாலும் கடைமடைக்கு வந்து சேரலன்னா கடைமடைக்காரனையா குத்தம் சொல்வோம், மேல எந்த ஷட்டர் எறக்கி இருக்குன்னுதானே பாப்போம். வார்டுல பேச்சும் அப்படித்தான். மேல எங்கெங்க அடைச்சிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

முதல் அடைப்பு வேலைய பங்கு போடுற விதம். நம்ம ஊர் வார்டுல பெரும்பாலும் டூட்டி லிஸ்ட் எப்படி இருக்கும்னா ஒருத்தங்க ஊசி, ஒருத்தங்க மாத்திரை, ஒருத்தங்க பிபி டெம்பரேச்சர், ஒருத்தங்க அட்மிஷன் டிஸ்சார்ஜ், ஒருத்தங்க ரவுண்ட்ஸ்ல டாக்டர் கூட. ஆக உங்கம்மாவ காலைல மட்டும் நாலு சிஸ்டர் பாத்திருப்பாங்க. நாலு பேரும் பாத்தாங்க, யாருக்கும் உங்கம்மாவ தெரியாது. ஊசி போட்டவளுக்கு நேத்து அவங்க சாப்பிடலன்னு தெரியாது, மாத்திரை கொடுத்தவளுக்கு மூணு நாளா வயித்தால போகுதுன்னு தெரியாது. நீங்க போய் "அம்மாவுக்கு எப்படி இருக்கு சிஸ்டர்"னு கேட்டா அவங்க கையில இருக்கறது ஊசி டிரே மட்டும்தான், பதில் எங்கேர்ந்து வரும்? அப்ப வாயில வர்றதுதான் டாக்டர்ட்ட கேளுங்க.

இதுக்கு இன்னொரு முகம் இருக்கு, எனக்கு அது ரிட்டயர் ஆகப்போற சமயத்துலதான் புரிஞ்சுது. லண்டன்ல இசபெல் மென்சீஸ்னு ஒரு மனநல ஆய்வாளர், 1960ல ஒரு ஆய்வு எழுதினாங்க, ஒரு பெரிய டீச்சிங் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை எப்படி பிரிச்சிருக்காங்கன்னு பாத்து. அவங்க சொன்னது என்னன்னா, வேலைய துண்டு துண்டா பிரிக்கறது வேகத்துக்காக மட்டும் இல்ல, நோயாளியோட கஷ்டம் நர்ஸ் மேல ஒட்டாம இருக்கறதுக்கும் அது ஒரு வேலியா ஆயிடுது. நர்ஸுங்க பேஷண்ட பேரு சொல்லாம "10ம் நம்பர் பெட்டு கல்லீரல்"னு சொல்றதை அவங்க அப்பவே எழுதிட்டாங்க. நான் படிச்சதும் சிரிச்சுட்டேன், ஏன்னா நாங்க "14 சர்விக்ஸ் கரண்டுக்கு போயாச்சா"ன்னு தினம் கத்துவோம், சர்விக்ஸ்னா கர்ப்பப்பை வாய். அந்த 14ம் நம்பருக்கு ஒரு பேரு இருந்துச்சு, வேதாரண்யம் பக்கத்துல உப்பளத்துல வேலை பாத்தவங்க, ரெண்டு பொண்ணு. பேரு தெரிஞ்சு பழகிட்டா அவங்க போறப்ப தாங்க முடியாது, அப்புறம் நாளைக்கு காலைல 7 மணிக்கு எப்படி டூட்டிக்கு வர்றது? வருஷக்கணக்கா கேன்சர் வார்டுல நிக்கிறவளுக்கு அழறதுக்கு ஒரு ரூம் கூட கிடையாது, பேசறதுக்கு ஒரு ஆள் கிடையாது, அப்ப நம்பர்தான் பாதுகாப்பு. அதனால அந்த சிஸ்டர் மூஞ்சிய பாக்காம போனாங்கன்னா அது திமிர்னே வச்சுக்காதீங்க.

வேற மாதிரியும் செய்யலாம். அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில 1960கள் கடைசியில மேரி மேன்தின்னு ஒரு நர்ஸும் அவங்க கூட இருந்தவங்களும் ஒரு முறை கொண்டு வந்தாங்க, அட்மிஷன்லேர்ந்து டிஸ்சார்ஜ் வரைக்கும் ஒரு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ்தான் பொறுப்பு, அவங்க லீவுல போனாலும் அவங்க எழுதி வச்ச திட்டப்படிதான் மத்தவங்க செய்யணும். நம்ம ஊர்ல முழுசா அப்படி செய்ய ஆள் பத்தாது. ஆனா அரைகுறையா செய்யலாம், பெட்டு 1லேர்ந்து 8 வரைக்கும் இந்த வாரம் பூரா இந்த சிஸ்டர்னு. நான் பாத்த ஒரு இன்ஜார்ஜ் சிஸ்டர், அதான் வார்டு நர்ஸுங்களுக்கு பொறுப்பா இருக்கறவங்க, அப்படி செஞ்சாங்க, அதே சம்பளம் அதே ஆளு, ரெண்டே வாரத்துல வார்டுல சத்தம் வேற மாதிரி ஆச்சு. பேஷண்ட் கூட இருக்கற சொந்தக்காரங்க "எங்க சிஸ்டர்"னு சொல்ல ஆரம்பிச்சாங்க.

ரெண்டாவது ஆள் கணக்கு. இத எல்லாரும் சொல்வாங்க அதனால நீட்ட மாட்டேன், ஆனா ஒரு கணக்கு மட்டும். இந்திய நர்சிங் கவுன்சில் சொல்றது டீச்சிங் ஆஸ்பத்திரின்னா 3 பேஷண்டுக்கு ஒரு நர்ஸ், மத்ததுன்னா 5 பேருக்கு ஒண்ணு. நான் நைட் டூட்டி பாத்த வார்டுல 42 பேரு, நாங்க ரெண்டு பேரு, 12 மணி நேரம். ஆளுக்கு 21 பேஷண்ட், 720 நிமிஷத்த 21ஆல வகுத்தா ஒரு பேஷண்டுக்கு 34 நிமிஷம், அந்த 34ல ரெண்டு தடவை ஊசி, டிரிப்ஸ் மாத்துறது, மூத்திரப் பை காலி பண்றது, கேஸ் ஷீட் எழுதறது, யாருக்காவது ரத்தம் போச்சுன்னா ஓடறது எல்லாம் அடக்கம். 2014ல வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒண்ணுல 12 நாட்டு நர்ஸுங்கள்ட்ட கேட்டாங்க, போன ஷிப்ட்ல நேரம் இல்லாம எந்த வேலைய விட்டீங்கன்னு. அதிகமா விட்டதா சொன்னது நோயாளிகூட பேசறதும் ஆறுதல் சொல்றதும்தான், 53 சதவீதம் பேர். பணக்கார நாட்டுலயே அப்படி. ஊசி போடாம விட்டா நாளைக்கே தெரிஞ்சுடும் மெமோ வரும், பேசாம விட்டா யாருக்கும் தெரியாது. அதனால எப்பவும் முதல்ல வெட்டுப்படறது பேச்சுதான்.

இதோட இன்னொண்ணு, யாரும் நிலையா இருக்கறதில்ல. 2015ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா நர்ஸ் எடுத்தப்ப தொகுப்பூதியம் 7,700 ரூபா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க. அந்த பிள்ளைங்க நிரந்தரம் எப்ப வரும் எந்த ஊருக்கு வரும்னே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க, கீமோ வேலைய நல்லா கத்துக்கிட்டு கை வந்த சமயத்துல ஆர்டர் வந்து வேற ஊருக்கு போயிடுவாங்க. பிரைவேட்டுல 22 வயசு பொண்ணுங்க, ஒரு வருஷம் அனுபவ சர்டிபிகேட் கிடைச்சதும் வெளிநாடு. யார குத்தம் சொல்றது? கேன்சர் பேஷண்ட்ட எப்படி பேசறதுன்னு கத்துக்கறதுக்கு குறைஞ்சது ரெண்டு மூணு வருஷம் ஆகும், அதுக்குள்ள ஆளே மாறிடுது.

மூணாவதுதான் முக்கியம், யார் எதை சொல்லலாம்னு ஒருத்தரும் தெளிவா சொல்லி வைக்கல. என் கூட வேலை பாத்த ஒரு சிஸ்டர், ஸ்கேன் ரிப்போர்ட்ட பாத்து பேஷண்ட் மக கேட்டான்னு "லிவருக்கு பரவி இருக்கும்மா"ன்னு சொல்லிட்டா. பொய் இல்ல. ஆனா டாக்டர் இன்னும் சொல்லல, குடும்பமே கொதிச்சு போய் டாக்டர்ட்ட சண்டை, டாக்டர் மேல சொன்னாரு, அவளுக்கு மெமோ. அந்த ஒரு மெமோவுக்கு அப்புறம் மூணு வருஷம் அந்த வார்டுல எந்த சிஸ்டரும் எதுவும் சொல்லல, குடிக்க வெந்நியா பச்சத் தண்ணியான்னு கேட்டாக்கூட டாக்டர்ட்ட கேளுங்க. ரிசல்ட்டும் ஸ்டேஜும் டாக்டர் சொல்ல வேண்டியதுதான், சரி. ஆனா பக்கவிளைவு, சாப்பாடு, புண்ணு, வலி, காய்ச்சல், இதெல்லாம் நர்ஸ் சொல்ல வேண்டியது, நர்ஸ்தான் நல்லா சொல்லவும் முடியும். அந்த கோட்ட யாரும் கிழிச்சு காட்டல, அதனால பயத்துல ரெண்டு பக்கமும் மூடிட்டாங்க.

அது எங்க கொண்டுபோய் விடும்னா, திருத்துறைப்பூண்டி பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க, நடவுக்கு போறவங்க, 50 வயசு இருக்கும். கரண்ட் வைக்கணும்னு எழுதியாச்சு, ரெண்டு நாள் வந்தாங்க, அப்புறம் மூணு நாள் ஆளக் காணோம். மகன் திட்டி கூட்டிட்டு வந்தான். என்னம்மா வரலன்னு கேட்டா, தலைய குனிஞ்சுக்கிட்டு "கரண்ட் வச்சா செத்துற மாட்டனா ஆயி"ங்கறாங்க. அவங்க மோட்டார் கொட்டாயில ஷாக் அடிச்சு ஒருத்தன் செத்தத பாத்திருக்காங்க, நாம எல்லாரும் கரண்ட் கரண்ட்னு சொல்றோம், அந்த ரூம்ல தனியா படுக்க வச்சு கனமான கதவ சாத்திட்டு எல்லாரும் வெளிய வந்துடுறோம், அவங்க என்ன நினைப்பாங்க? அது மின்சாரம் இல்ல, எக்ஸ்ரே எடுக்கற மாதிரி ஒரு கதிர், வலிக்காது, ஷாக் அடிக்காது, நாங்க வெளிய நின்னு கேமராவுல உங்கள பாத்துட்டேதான் இருப்போம்னு சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகும். டாக்டர் நினைச்சாரு டெக்னீஷியன் சொல்லிருப்பாருன்னு, டெக்னீஷியன் நினைச்சாரு வார்டு சிஸ்டர் சொல்லிருப்பாங்கன்னு, நாங்க நினைச்சோம் டாக்டர் சொல்லிட்டுத்தானே எழுதிருப்பாருன்னு. மூணு நாள் சிகிச்சை விட்டுப்போச்சு, கர்ப்பப்பை வாய் கேன்சர்ல கரண்ட் நடுவுல விடறதும் இழுத்தடிக்கிறதும் பலன குறைக்கும், அது எங்க எல்லாருக்கும் தெரியும்.

இப்ப நான் சொல்லப்போறது என் தப்பு. முத்துப்பேட்டை பக்கத்துப் பையன், 26 வயசு, நிணநீர் கட்டிக்கு கீமோ, முதல் சைக்கிள் முடிச்சு டிஸ்சார்ஜ். அன்னிக்கு 11 டிஸ்சார்ஜ், காப்பீட்டு கவுண்டர்லேர்ந்து பேப்பர் கேட்டு ஆள் மேல ஆள், பையனோட அப்பா பஸ்ஸ விட்டுடுவேன்னு நிக்கிறாரு. நான் கேஸ் ஷீட்ல "ஹெல்த் எஜுகேஷன் கிவன்"னு எழுதி கையெழுத்து போட்டேன். என்ன கிவன்? மாத்திரை கவர கையில கொடுத்து "வேளைக்கு சாப்புடு தம்பி"ன்னேன், அவ்வளவுதான். கீமோ போட்டு 7லேர்ந்து 14 நாளைக்குள்ள வெள்ளை அணு ரொம்ப இறங்கும், அப்ப 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அது எமர்ஜென்சி, ராத்திரி 2 மணின்னாலும் கிளம்பி வரணும், காய்ச்சல் மாத்திரைய போட்டுட்டு விடியட்டும்னு படுக்கக்கூடாது. இத நான் சொல்லல. 9ம் நாள் காய்ச்சல், மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போட்டிருக்கான், இறங்கிருக்கு, திரும்ப ஏறிருக்கு, 11ம் நாள் கொண்டு வந்தப்ப பிரஷர் இல்ல. பிழைக்கல. என்கொயரின்னு ஒண்ணும் நடக்கல, ஏன்னா பேப்பர்ல எல்லாம் சரியா இருந்துச்சு, என் கையெழுத்தோட.

அதுக்கப்புறம் எங்க இன்ஜார்ஜ் சிஸ்டர் ஒரு மாத்தம் பண்ணாங்க. தினம் காலைல 11லேர்ந்து 12 வரைக்கும் ஒரு சிஸ்டருக்கு ஊசி கிடையாது டிரெஸ்ஸிங் கிடையாது, டிஸ்சார்ஜ் ஆறவங்கள உக்கார வச்சு பேசறதுதான் வேலை. நாம சொன்னதும் அவங்கள திருப்பி சொல்ல சொல்லணும், "காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்க"ன்னு. சும்மா தலையாட்டுனா விடக்கூடாது. வார்டு போன் நம்பர நோட்டு அட்டையில பெருசா எழுதணும். இத்தனைக்கும் காசு ஒண்ணும் செலவில்ல. அடுத்த சில மாசத்துல ராத்திரி காய்ச்சலோட நேரா கேஷுவாலிட்டிக்கு வந்தவங்கள நானே பாத்தேன், "நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க"ன்னு. அப்புறம் அந்த இன்ஜார்ஜ் சிஸ்டர் டிரான்ஸ்பர் ஆனாங்க. புதுசா வந்தவங்க நல்லவங்கதான், ஆனா "ஒரு ஆள சும்மா உக்கார வைக்க முடியாது"ன்னுட்டாங்க. ரெண்டு மாசத்துல எல்லாம் பழையபடி. சும்மா! அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறல. பேசறது வேலைன்னு கணக்குல இல்ல பாருங்க, உக்காந்து பேசுனா சும்மா இருக்கான்னு அர்த்தம்.

இன்ஜார்ஜ் யாருங்கறது அவ்வளவு பெரிய விஷயமான்னா, ஆமா. இங்கிலாந்துல சூசி வில்கின்சன்னு ஒரு நர்ஸ் 1991ல இத ஆராய்ஞ்சு எழுதினாங்க, கேன்சர் பேஷண்ட்ட நர்ஸுங்க பேசறத டேப்ல பதிவு பண்ணி பாத்து. பேஷண்ட் மனசுல இருக்கறத சொல்ல ஆரம்பிச்சதும் நர்ஸ் பேச்ச மாத்துறது, சிரிச்சு மழுப்பறது, உடனே உடம்ப பத்தி கேள்வி கேட்டு அடைக்கிறது, இதெல்லாம் நிறைய இருந்துச்சு. எந்த நர்ஸ் நல்லா பேசுறாங்கங்கறதுல வார்டு சிஸ்டர், அதாவது நம்ம இன்ஜார்ஜ் மாதிரி, எப்படிப்பட்ட சூழல் வச்சிருக்காங்கங்கறதுக்கு பெரிய பங்கு இருந்துச்சு. எனக்கு அது புதுசா படல. இன்ஜார்ஜ் பேஷண்ட் கட்டில்ல உக்காந்து பேசுனா மத்தவளும் உக்காருவா, இன்ஜார்ஜ் ரிஜிஸ்டரையே பாத்துக்கிட்டு இருந்தா மத்தவளும் ரிஜிஸ்டர்தான் எழுதுவா. இந்த தரச்சான்றிதழ் வாங்குற பிரைவேட் ஆஸ்பத்திரியில கதை இன்னும் வேடிக்கை, பேஷண்டுக்கு விளக்கினோம்னு நாலு பாரம், நாலுலயும் டிக், நாலுலயும் கையெழுத்து, அதை நிரப்பற நேரத்துல விளக்கியே இருக்கலாம்.

இடம்னு ஒண்ணு இருக்கு. கீமோ டே கேர்ல நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவுல ஒரு ஸ்டாண்டு நிக்கிற இடம்தான், ஸ்க்ரீன் கிடையாது. உங்கம்மா மாதிரி ஒருத்தங்க வெள்ளப்படுது, நாத்தம் அடிக்குது, வீட்டுக்காரரு பக்கத்துல வரலாமா கூடாதான்னு அந்த இடத்துல எப்படி கேப்பாங்க? பக்கத்து நாற்காலியில மாமனார் வயசுல ஒரு ஆம்பள. அதனால கேக்க மாட்டாங்க, நாங்களும் கேக்க மாட்டோம், உள்ள வச்சு கொடுக்கற கரண்ட் முடிஞ்சப்புறம் பிறப்புறுப்பு சுருங்கிப் போகாம இருக்க என்ன செய்யணும்னு ஒரு பேச்சு இருக்கு, அது பாதிப் பேருக்கு மேல போய் சேராது. நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன், பாத்ரூமுக்கு கூட்டிட்டு போறேன்னு சொல்லி அந்த வழியில நின்னு பேசுவேன். கேன்சர் பத்தி நான் பேசுன நல்ல பேச்செல்லாம் பாத்ரூம் வாசல்லயும் லிஃப்ட் பக்கத்துலயும்தான் நடந்துச்சு.

சின்ன இடமா இருந்தா இது எல்லாம் தானா நடக்கும். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்ட புதுக்கோட்டைக்காரங்க முத்துலட்சுமி ரெட்டி 1954ல ஆரம்பிச்சப்ப 12 படுக்கைதான். 12 பேருன்னா எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நம்ம டெல்டா ஜனங்களுக்கு ரொம்ப காலம் கேன்சர்னா அடையாறு, காஞ்சிபுரம் காரப்பேட்டை, பாண்டிச்சேரி ஜிப்மர் இதுதான் வழி, இப்ப தஞ்சாவூர் திருச்சியிலயே பாக்குறாங்க, நல்லதுதான், ஆனா கூட்டம் கூட்டமா வர்ற இடத்துல தானா நடக்காது, யாராவது ஒழுங்கு பண்ணி வைக்கணும்.

இன்னொரு அடைப்பு இருக்கு, கோவிச்சுக்காதீங்க, அது உங்க பக்கம். "அம்மாவுக்கு கேன்சர்னு தெரியாது சிஸ்டர், சொல்லிடாதீங்க, கட்டின்னு சொல்லி வச்சிருக்கோம்." பத்து குடும்பத்துல ஏழெட்டு இப்படித்தான் சொல்லும், என் அனுபவத்துல. 1965லயே கிளேசர், ஸ்ட்ராஸ்னு ரெண்டு பேரு அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல பாத்து எழுதுனாங்க, நோயாளிக்கு ஒண்ணும் தெரியாம இருக்கறது, சந்தேகப்படறது, ரெண்டு பக்கமும் தெரிஞ்சே தெரியாத மாதிரி நடிக்கிறது, வெளிப்படையா பேசிக்கிறதுன்னு நாலு நிலை. நம்ம வார்டுல மூணாவதுதான் அதிகம். அம்மாவுக்கு தெரியும் தம்பி. கரண்ட் ரூம் வாசல்ல மூணு வாரமா உக்காந்திருக்காங்க, பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் என்ன பேசிக்கிறாங்கன்னு காதுல விழாதா? அவங்க உங்களுக்காக நடிக்கிறாங்க, நீங்க அவங்களுக்காக. நடுவுல மாட்டிக்கிட்ட சிஸ்டருக்கு எந்த வார்த்தை வாயிலேர்ந்து தவறிடுமோன்னு பயம், அதனால பக்கத்துலயே வர மாட்டா. முடிஞ்சா அம்மாவுக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு சிஸ்டர்ட்ட நேரா சொல்லிடுங்க, அதோட "அம்மாவே கேட்டா பொய் சொல்ல வேணாம்"னும் சொல்லிடுங்க. அந்த ஒரு வார்த்தையில பாதி பூட்டு திறந்துடும்.

அப்புறம் உங்க வீட்டு டூட்டி லிஸ்ட். திங்கள் நீங்க, செவ்வாய் அத்தாச்சி, புதன் சித்தப்பா, அறுப்பு சமயம்னா யாரு ஓய்வோ அவங்க. நாங்க ஷிப்ட் மாறுற மாதிரியே நீங்களும் மாறுறீங்க, நேத்து அத்தாச்சிட்ட சொன்னது உங்களுக்கு தெரியாது, நீங்க திரும்ப கேப்பீங்க, சிஸ்டர் "நேத்தே சொன்னோம்ல"ன்னு எரிஞ்சு விழுவா. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. யார் கூட இருந்தாலும் அதுலதான் எழுதணும், அன்னிக்கு எத்தனாவது கரண்ட், என்ன மருந்து ஏத்துனாங்க, எத்தனை தடவை வெளிக்கு போனாங்க, என்ன சாப்பிட்டாங்க, யார் என்ன சொன்னாங்க. அந்த நோட்ட பாத்தா எந்த நர்ஸும் நின்னு பேசுவா, ஏன்னா அவளுக்கே தெரியாத விஷயம் அதுல இருக்கும்.

நேரம் பாத்து கேளுங்க. காலைல ஷிப்ட் மாறுறப்பவும் ரவுண்ட்ஸ் நடக்கறப்பவும் கேட்டா பிரம்மாவே வந்தாலும் பதில் வராது. மத்தியானம் ரெண்டரைலேர்ந்து நாலு வரைக்கும் கொஞ்சம் அடங்கி இருக்கும், ராத்திரி மாத்திரை கொடுத்து முடிச்சப்புறம் ஒன்பதரை வாக்குல. "அம்மாவுக்கு எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க, அதுக்கு பதில் சொல்ல பயப்படுவாங்க. "வயித்தால ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனா உங்கள்ட்ட சொல்லணும்", "காய்ச்சல் வந்தா எந்த நம்பருக்கு போன் பண்ணணும், ராத்திரின்னா எந்த வாசல் வழியா வரணும்", "கரண்டுக்கு போறப்ப மூத்திரம் நிறைஞ்சு இருக்கணுமா, எவ்வளவு முன்னாடி தண்ணி குடிக்கணும்", "கரண்ட் வைக்கிற இடத்துல எண்ணெய் மஞ்சள் போடலாமா", இப்படி கேளுங்க. இதெல்லாம் அவங்க சொல்லலாம், சொல்வாங்க. எண்ணெய் மஞ்சள் போடக்கூடாதுதான், கரண்ட் வைக்க தோல்ல போட்ட கோட்டையும் தேச்சு அழிச்சுடக்கூடாது. வாரா வாரம் ஏத்துறது சிஸ்பிளாட்டினா இருக்கும், பெரும்பாலும் உங்கம்மா நோய்க்கு அதுதான், நோட்டுல பேர் பாத்துக்குங்க. அதுன்னா காதுல இரைச்சல் கேட்டாலோ விரல் மரத்தாலோ மூத்திரம் குறைஞ்சாலோ உடனே சொல்லணும், வயசாச்சு அதான் காது இரையுதுன்னு விட்டுடுவாங்க நம்ம ஆளுங்க. மருந்து ஏறுறப்ப கை எரிஞ்சா பொறுத்துக்காம கத்தி கூப்பிட சொல்லுங்க.

காசு கொடுத்தா நல்லா பேசுவாங்களான்னு கடைசியா கேட்டிருந்தீங்க. வேணாம். அது ரெண்டு பேரையும் சின்னதாக்கிடும், மத்த பேஷண்டுக்கும் துரோகம். மாறா எழுதி கொடுங்க, புகாரா இல்லாம. இந்த பெட்டுக்கு இந்த வாரம் பூரா ஒரே சிஸ்டர் இருந்தா நல்லாருக்கும், டிஸ்சார்ஜ் அன்னிக்கு உக்கார வச்சு ஒரு பத்து நிமிஷம் சொல்ல ஒரு ஆள் வேணும்னு. நர்சிங் சூப்பிரண்டண்ட் பேருக்கு எழுதுங்க, டீனுக்கு ஒரு காப்பி. நாங்க கேட்டா ஆள் இல்லம்பாங்க, பேஷண்ட் பக்கத்துலேர்ந்து வந்தா ஃபைல்ல ஏறும். அந்த ராத்திரி சிஸ்டர் பேரு தெரிஞ்சா அவங்க நல்லா பேசினதையும் அதுலயே எழுதுங்க, நர்ஸ் நல்லா பேசினான்னு ஒரு பேப்பர் என் 31 வருஷத்துல ரெண்டே தடவை வந்துச்சு.

சிகிச்சை முடிஞ்சு வீட்டுக்கு போனப்புறம் வலியோ புண்ணோ தொந்தரவா இருந்தா ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி வைங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டத்துல வலி நிவாரண சிகிச்சைக்கு வீட்டுக்கே நர்ஸ் வர்ற ஏற்பாடு இருக்கு. வார்டுல வாயே திறக்காத பொண்ணு ஒருத்தி அந்த வேலைக்கு போனா, அவகூட ஒருநாள் நானும் போயிருந்தேன். திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே முக்கா மணி நேரம் பேசுறா, மலச்சிக்கல்லேர்ந்து மக கல்யாணம் வரைக்கும். அங்க அவளுக்கு ஒரு நேரத்துல ஒரே பேஷண்ட்.

உங்க ராத்திரி சிஸ்டர் எங்கயும் போயிருக்க மாட்டாங்க. ஒரு வாரம் நைட் முடிச்சா ஆஃப், அப்புறம் வேற வார்டு, சுத்தி மூணு நாலு வாரத்துல திரும்ப வருவாங்க, பெரும்பாலும் உங்கம்மா கடைசி கரண்டுக்கு முன்னாடியே. வந்தாங்கன்னா நீங்க கிட்டக்க நிக்காதீங்க. டீ குடிச்சுட்டு வர்றேன்னு சொல்லி அரை மணி நேரம் வெளிய போயிடுங்க, மகன் முன்னாடி கேக்க முடியாதது அம்மாவுக்கு நிறைய இருக்கும்.